கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கும் கம்பெனிகள்!

உழவர் பெருமக்களே! சவுக்கும் தைலமரமும் சவுண்டலும் போட்டுவிட்டு லாரிக்குக் காத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளே!

ஆன்லைனில் வாங்கும் சாமான் வருகிற அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல பெட்டிகளில் ஒரு மரமும் டிக் குறியும் சேர்ந்த மாதிரி சின்ன முத்திரை இருக்கும். எஃப்.எஸ்.சி. என்று போட்டிருக்கும். 1993-ல் தொடங்கிய சர்வதேச அமைப்பு அது. ஜெர்மனியில் பான் நகரத்தில் தலைமையகம். "இந்த அட்டைக்காகக் காட்டை அழிக்கவில்லை, பொறுப்பாக வளர்த்த மரம்" என்று ஊருக்குச் சொல்வதற்காகத்தான் கம்பெனிகள் இந்த முத்திரையைப் போடுகின்றன.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தடை. இந்தியாவில் தன் கிடங்குகளில் இருந்து போகிற பார்சல்களில் அந்த பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டதாக அமேசான் 2020-ல் அறிவித்தது. 2025-க்குள் தன் பெட்டி, கப்பெல்லாம் புதுப்பிக்கக்கூடிய, மறுசுழற்சி செய்த அல்லது சான்று பெற்ற மூலப்பொருளில் இருந்தே வரும் என்று மெக்டொனால்ட்ஸ் 2018-ல் சொன்னது. பிளாஸ்டிக் போன இடத்துக்கு என்ன வருது? காகிதமும் அட்டையும். பழைய பேப்பர் மட்டும் போதாது. மரக்கூழும் வேண்டும். மரம் யார் நிலத்தில் நிற்குது? நம்ம நிலத்தில்!

நல்ல காரியம்தானே என்று கேட்பீர்கள். நல்ல காரியம்தான். பிளாஸ்டிக்கைத் தின்று சாவது நம்ம மாடு. அடைபடுவது நம்ம வாய்க்கால். முத்திரைக்கு நாம் எதிரி இல்லை. புண்ணியம் கம்பெனிக்கு, செலவும் நட்டமும் நமக்கு என்கிற கணக்குக்குத்தான் எதிரி.

1988 தேசிய வனக் கொள்கை என்ன சொல்கிறது? காட்டு மரத்தைச் சலுகை விலையில் ஆலைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆலைகள் விவசாயியோடு நேரடித் தொடர்பு வைத்து, கடன், தொழில்நுட்ப ஆலோசனை, கடைசியில் வெட்டு, போக்குவரத்து வரை உதவி செய்து மூலப்பொருளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேரடித் தொடர்பு எங்கே? நமக்கும் ஆலைக்கும் நடுவில் புரோக்கர் அல்லவா நிற்கிறார்?

சவுக்கு போட்டால் மூன்று, நான்கு வருஷம் அந்த நிலத்தில் காசு பார்க்க முடியாது. நடுவில் புயல் வந்தால்? 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, மறந்துவிட்டோமா? அந்த நட்டம் எந்தப் பெட்டி மேல் அச்சாகி இருக்கிறது?

புயலுக்குத் தப்பி வெட்டிப் போட்டாலும் நிம்மதி இல்லை. மரம் நாளுக்கு நாள் காயும், காயக் காய எடை குறையும். விலையோ டன் கணக்கில். லாரி வராத ஒவ்வொரு நாளும் ஆவியாகிப் போவது நம்ம பணம். நம் சங்க உறுப்பினர்கள் ஒரு ஆலைக்கு மரம் கொடுத்தார்கள். கன்று நடும்போது சொன்ன விலை ஒன்று. வெட்டும்போது "மார்க்கெட் இறங்கிடுச்சு" என்று கொடுத்த விலை வேறு. எடைச்சீட்டு கேட்டால் புரோக்கரைக் கேள் என்றார்கள். புரோக்கரைக் கேட்டால் ஆலையைக் கேள் என்றார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி, இங்கே மரம் நட்டவனுக்கும் பொருந்திப் போச்சு.

"பிடித்தால் கொடு, இல்லாவிட்டால் வேறு இடத்தில் விற்றுக்கொள்" என்கிறார்கள். கத்தரிக்காயா, இந்தச் சந்தை இல்லாவிட்டால் அடுத்த சந்தைக்குக் கூடையைத் தூக்கிப் போக? வண்டி வாடகை கட்டுப்படியாகும் தூரத்தில் ஒரே ஆலைதான் இருக்கிறது என்றால், அதற்குப் பெயர் சந்தையா?

கரும்பைப் பாருங்கள். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வெட்டி அனுப்பிய 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. அதையும் ஏய்க்கும் ஆலைகள் உண்டு, நமக்குத் தெரியும். ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட ஒரு பிடியாவது இருக்கிறது. காகித ஆலைக்கு மரம் கொடுக்கிறவனுக்கு எந்தப் பிடி இருக்கிறது?

அந்த முத்திரை காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். மரம் வளர்த்தவனுக்குக் குறைந்தபட்ச விலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. "மிக்ஸ்" என்று போட்ட முத்திரை என்றால் உள்ளே இருக்கும் மரம் முழுக்கச் சான்று பெற்ற தோப்பில் இருந்து வந்தது என்றும் அர்த்தம் இல்லை. முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணைப் போட்டுத் தேடினால் கம்பெனியின் பெயர் வரும். உங்கள் பெயர் வராது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று வாங்க அந்த அமைப்பின் விதியிலேயே வழி இருக்கிறது. குழுவை ஆலையே நடத்தினால் சான்று ஆலையின் கையில். மரத்தை வேறு ஆலைக்குக் கொண்டுபோனால் சான்று கூட வராது. அதே குழுவை நாமே கூட்டுறவாகவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ நடத்தினால் சான்று நம்ம கையில். அதிக விலை கொடுப்பவனுக்குக் கொடுக்கலாம். இந்த இடத்தில்தான் பிடியைப் பிடிக்க வேண்டும்!

நாம் கேட்பது:

1. கன்று நடும்போதே டன்னுக்குக் குறைந்தபட்ச விலையை எழுதி, பதிவு செய்த ஒப்பந்தம். வெட்டும்போது சந்தை விலை கூடினால் கூடிய விலை.

2. எடைமேடையில் விவசாயி நிற்க உரிமை. எடைச்சீட்டு விவசாயி கையில்.

3. கரும்பைப் போல 14 நாளில் பணம், தாமதத்துக்கு வட்டி. வெட்டச் சொல்லிவிட்டு லாரி அனுப்பாத நாட்களின் எடை இழப்பு ஆலையின் கணக்கில்.

4. சான்று விவசாயிகள் குழுவின் பெயரில். சான்று பெற்ற மரத்துக்குத் தனியாகக் கூடுதல் விலை. சான்றுச் செலவு முத்திரை போட்டு விற்கும் கம்பெனியுடையது.

5. புயல், தீ நட்டத்துக்குக் காப்பீடு. பிரீமியத்தில் ஆலைக்கும் பங்கு.

இதில் எது பிச்சை? எது அதிகம்? பசுமை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பவர்கள், அந்தப் பசுமையை வளர்த்தவனுக்குக் கணக்குக் காட்டட்டும்!

கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரில் இருந்தும் திரண்டு வாருங்கள். மரம் போட்ட நிலத்தின் சர்வே எண், கன்று வாங்கிய ரசீது, கிடைத்திருந்தால் எடைச்சீட்டு எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். தனியாகப் போனால் புரோக்கர் பேசுவார். சேர்ந்து போனால் ஆலை பேசும்!

ஒன்றுபடுவோம்! உரிய விலை பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்