ஆச்சியைக் கேட்டு எழுதுவோம்

ஆடி மாதத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், எங்கள் சுந்தரபாண்டியபுரத்திற்கு வண்டி வண்டியாக வெளியூரார் வருவர். குற்றாலத்தில் குளித்த ஈரத்தோடு வயலில் நின்று படம் எடுப்பர். அன்று மாலைக்குள் அந்தப் படம் கடல் கடந்தும் போய்விடும். நல்லதுதான். ஆனால், அவ்வயலில் களை எடுத்தவள் யார் என்று கேட்டவர் உண்டா? பிறரைக் குறை கூறுவானேன்! நம் வீட்டு ஆச்சியின் இளமைக் காலத்தைப் பற்றி நமக்கே என்ன தெரியும்?

எங்களுள் ஒருத்தி சென்ற விடுமுறையில் தன் ஆச்சியிடம் கேட்டாள். ஆச்சி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கை நிற்காமலே கதை சொன்னார்கள். ஆண்டுக் கணக்கு அவர்களுக்கு வராது. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அந்த வருசம் என் படிப்பை நிறுத்திட்டாங்க" என்றார்கள். அது 1964. "ஆத்துல பெருவெள்ளம் வந்ததுக்கு மறுவருசம் உன் பெரியம்மா கலியாணம்" என்றார்கள். தாமிரபரணி வெள்ளம் 1992 நவம்பரில் வந்தது. ஆகவே திருமணம் 1993இல். சரித்திரப் பாடத்தில் படித்தும் மனத்தில் நில்லாத ஆண்டுகள் இப்படி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன! ஆச்சி சுற்றிய பீடிக் கூலியில்தான் அவர்கள் தம்பி படித்து உத்தியோகத்திற்குப் போனார் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

தோழி அதையெல்லாம் எழுதிக் கைப்பேசி வழியே உறவினர் அனைவருக்கும் அனுப்பினாள். மறுநாளே வந்தது வினை. "வீட்டு வறுமையை ஊருக்கெல்லாம் பறைசாற்றுவதா?" என்று சின்னத் தாத்தா சீறினார்.

இத்தகைய கோபம் புதிதன்று. விருதுநகர் மாவட்டச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியையாகவும் சில காலம் கன்னியராகவும் வாழ்ந்த பாமா, 1992இல் 'கருக்கு' என்னும் நூலில் தம் வாழ்வையும், தம் தலித் மக்களின் வாழ்வையும் அவர்கள் பேச்சிலேயே எழுதினார். ஊரார் சினந்தனர், சில மாதங்கள் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. இன்றோ அந்நூல் பிற மொழிகளிலும் படிக்கப்படுகிறது. அவர் எழுதாதிருந்தால் அத்தெருவின் பாடு யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆகவே எழுதத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி. தள்ளிப்போடவும் கூடாது. உ.வே. சாமிநாத ஐயர் முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது. 1942இல் அவர் மறையவே, பாதியில் நின்றது. ஏடுகளைத் தேடித் தேடிக் காத்த அவருக்கே தம் கதையை முடிக்க நாள் போதவில்லை. நம் ஆச்சிமாரோ ஏட்டில் ஒரு வரியும் இல்லாமலே போய்விடுகிறார்கள்.

வறுமை எழுதத் தகாத செய்தியா? உழைத்தவருக்கு அதில் வெட்கம் இல்லை. அந்த உழைப்பில் படித்தவருக்குத்தான் வெட்கம் வருகிறது! இதில் சின்னத் தாத்தாவின் பக்கம் நாங்கள் இல்லை. எனினும் தோழியும் ஒரு தவறு செய்தாள். எழுதியதை ஆச்சிக்குப் படித்துக் காட்டாமலே அனுப்பிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தாள். வறுமையைப் பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அண்டை வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிய இடம் வந்ததும் கை நின்றது.

"அது அவ கதை தாயி. அவ இருந்தா அவகிட்ட கேட்டிருக்கலாம். அதை மட்டும் எடுத்துரு."

தோழி அந்த நான்கு வரிகளை அடித்துவிட்டாள். ஆச்சி அடுத்த இலையை எடுத்துக்கொண்டே, "சரி, மேல படி" என்றார்கள்.