வசந்தத்தோடு வடக்கே திரும்பும் முதியவர்கள்

மார்ச் மாத இறுதி தொடக்கம் மே மாத முற்பகுதி வரை வட அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஓர் அமைதியான இடப்பெயர்வு ஆண்டுதோறும் நிகழ்கின்றது. புளோரிடாவிலும் டெக்சாசிலும் அரிசோனாவிலும் குளிர்காலத்தைக் கழித்த முதியவர்கள் தமது காம்பர் வாகனங்களில் ஊர் திரும்பும் காலம் அது. பனிப்பறவைகள் என்பது அங்கு இவர்களுக்கு வழங்கும் பெயர். மியாமிப் பகுதியில் தொடங்கி, மிச்சிகனில் கனேடிய எல்லையைத் தொடும் வரை சுமார் 2,870 கிலோமீற்றர் நீளும் 75ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒன்ராறியோ இலக்கத் தகடு பூட்டிய காம்பர்களை அப்போது தாராளமாகக் காணலாம். சாரதி ஆசனத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர்; பக்கத்தில் அவருடைய வாழ்க்கைத் துணை.

இந்தக் காட்சியைக் காணும் நம்மவர்களிடம் இருவகையான எண்ணங்கள் தோன்றுவதை அவதானித்திருக்கிறேன். "வாழ்ந்தால் இப்படியல்லவா வாழ வேண்டும்" என்று பெருமூச்சு விடுவோர் ஒருசாரார். "பிள்ளைகள் பார்க்காதபடியால் தெருத்தெருவாக அலைகிறார்கள்" என்று இரங்குவோர் மறுசாரார். இரண்டுமே தவறான கணிப்புகள் என்பது எனது கருத்து. அந்த வாகனத்தை ஓட வைப்பது வெறும் மனத்துணிவும் அல்ல, பிள்ளைகளின் புறக்கணிப்பும் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துகொள்ளப்பட்ட ஏற்பாடுகளே அதனை ஓட வைக்கின்றன.

தெற்கே போகும் பயணத்திலும் பார்க்க வடக்கே திரும்பும் பயணம் நிதானமானது. காம்பர் என்பது கட்டில், அடுப்பு, மலசலகூடம், நீர்த்தாங்கி யாவும் கொண்ட சிறியதொரு வீடு. ஏப்ரல் முற்பகுதியில் ஒகையோவிலும் மிச்சிகனிலும் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி விடுவதுண்டு. குழாய்களில் நிற்கும் நீர் உறைந்தால் குழாய் வெடித்து விடும். ஆகவே அனுபவசாலிகள் ஜோர்ஜியாவிலோ டெனசியிலோ தரித்து நின்று, வானிலை அறிக்கையைப் பார்த்துப் பார்த்தே மேலே நகர்கின்றனர். நாளொன்றுக்கு 300 மைலுக்கு மேல் ஓடுவதில்லை, பிற்பகல் 3 மணிக்கு முன்னர் தரிப்பிடத்தை அடைந்து விடுவது, ஓரிடத்தில் 3 இரவுகள் தங்குவது என்று அவர்களிடையே ஒரு வாய்மொழி விதியும் உண்டு.

இந்த நிதானத்துக்கு ஒரு முன்னோடிப் பயணம் இருக்கின்றது. எட்வின் வே டீல் என்ற அமெரிக்க இயற்கை எழுத்தாளரும் அவருடைய மனைவி நெலியும் 1947ஆம் ஆண்டு புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திலிருந்து காரில் புறப்பட்டு, வசந்தத்தோடு கூடவே வடக்கே பயணித்தனர். சுற்றிச் சுற்றிச் சென்ற தூரம் ஏறத்தாழ 17,000 மைல். வசந்தம் நாளொன்றுக்குச் சராசரியாக 15 மைல் வீதம் வடக்கு நோக்கி நகர்கின்றது என்பது அவர் தந்த கணக்கு. அந்தப் பயணத்தைப் பற்றிய அவரது நூல் 1951இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் உயிரிழந்த தமது ஒரே மகனுக்கு அதனை அவர் சமர்ப்பித்திருந்தார். வடக்கே போகும் எல்லாப் பயணங்களும் உல்லாசப் பயணங்கள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றைய பயணிகளுக்கோ வசந்தம் மாத்திரம் நாட்குறிப்பதில்லை, சட்டமும் குறிக்கின்றது. கனேடியர்கள் பொதுவாக ஆறு மாதங்கள் வரையே அமெரிக்காவில் தங்கலாம். மூன்று ஆண்டுகளின் தங்கல் நாட்களைக் கூட்டிப் பார்க்கும் அமெரிக்க வரிச்சட்டத்தின் கணக்கு வேறாக உண்டு. ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதியை இழக்காதிருக்க வேண்டுமாயின், 12 மாதங்களில் 153 நாட்களேனும் மாகாணத்தினுள் இருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் அந்தக் காப்புறுதி தருவது நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனேடிய டொலர். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தின் முன் அது எம்மாத்திரம்? எனவே தனியார் பயணக் காப்புறுதி இன்றியமையாதது. புறப்படுவதற்கு முந்திய சில மாதங்களில் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு மாறியிருந்தாற்கூட அந்தக் காப்புறுதி கைகொடுக்காமற் போகலாம். பறவைகள் என்று பெயர் வைத்தாலும், இவர்கள் நாட்காட்டியின் கட்டளைப்படியே பறக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஏப்ரல் மாதத்தில் உறவினர் ஒருவருடன் அந்த நெடுஞ்சாலையில் பயணம் செய்தபோது, கென்டக்கி மாநிலத்து ஓய்விடம் ஒன்றில் இத்தகைய தம்பதியர் இருவரைச் சந்தித்தேன். அவர் பாடசாலை பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையார் முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பணியாற்றியவர். தங்கிய ஒவ்வொரு நாளையும் ஊரையும் குறித்த கொப்பி ஒன்று அவர்களிடம் இருந்தது. புறப்படும் வேளையில் அம்மையார் சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்தார். நான் வியப்புடன் பார்த்ததைக் கவனித்த கணவர் சொன்னார்: "காலையில் அவள், பிற்பகலில் நான். வழியில் எனக்கு ஏதாவது நடந்தால் அவள் இந்த வண்டியைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமல்லவா?"

வானிலையைப் பற்றிப் பேசுவது போன்ற சாதாரண குரலில்தான் அதைச் சொன்னார். முதுமையைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடானவை அதிகமில்லை. ஒன்ராறியோவில் 80 வயதிலிருந்து இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கண்பார்வைப் பரிசோதனை உள்ளிட்ட சோதனைகளுக்குப் பின்னரே சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும். ஒருநாள் இந்தப் பயணம் கடைசிப் பயணமாக அமையும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதற்கு ஆயத்தமாக இருக்கின்றனர்.

ஆயத்தமாக இருந்தவர்களைக்கூடக் காலம் சோதித்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் தொற்றின் காரணமாக வெளிநாடுகளிலுள்ள கனேடியர்களை நாடு திரும்புமாறு அப்போதைய பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ அழைத்தபோது, நிதானப் பயணம் அவசரப் பயணமாயிற்று. 2025இல் வரிப் பிணக்கும், கனடாவை 51ஆவது மாநிலமாக்குவோம் என்ற டொனால்ட் ட்ரம்பின் பேச்சும் வேறுவகைக் கசப்பை ஏற்படுத்தின. 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் அவ்வாண்டு ஏப்ரல் 11 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது. அமெரிக்காவிலிருந்து காரில் திரும்பிய கனேடியரின் பயணங்கள் 2025 ஏப்ரலில், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் குறைந்தன. ஆயினும் எந்த நெருக்கடியிலும் அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. வாகனமே வீடாகிப் போன முதியவர்களும் அதே சாலைகளில் இருக்கிறார்கள். ஜெசிக்கா ப்ரூடரின் நோமட்லாண்ட் என்ற 2017ஆம் ஆண்டு நூல் அவர்களைப் பற்றியதே. வீட்டை இழந்து, பருவகாலக் கூலி வேலை தேடி ஓடுபவர்களுக்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான்.

இவ்விரு சாராரையும் பிரிப்பது எது? கனடாவில் முதுமைப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. உழைப்பவர் பங்களிப்புச் செய்யும் ஓய்வூதியத் திட்டம் 1966இல் தொடங்கியது. பொது மருத்துவக் காப்புறுதிச் சட்டமும் அதே 1966இல் நிறைவேறியது. அந்த பஸ் சாரதியும் தாதியும் செல்வந்தர்கள் அல்லர். தத்தமது பெயரில் ஓய்வூதியம் பெறும் இரு தொழிலாளர்கள். பிள்ளைகளிடம் கையேந்த வேண்டிய தேவை இல்லாதபடியால், அவர்களால் பிள்ளைகளை அன்போடு மாத்திரம் பார்க்க முடிகின்றது.

இதே ஒன்ராறியோவில் வாழும் நமது மூத்த பிரசைகளை இனி எண்ணிப் பாருங்கள். முதுமைப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவதற்கு 18 வயதின் பின்னர் 10 ஆண்டுகளேனும் கனடாவில் வசித்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 ஆண்டுகள். 1988இல் தமது 35ஆவது வயதில் அகதியாகச் சென்று இறங்கிய ஒருவர், 65 வயதை எட்டும்போது அவருக்கு உரியது முக்கால் பங்கு. அறுபது வயதில் பிள்ளைகளால் அழைக்கப்பட்ட தாய்க்கு எழுபதில் கிடைப்பது கால் பங்கு. அவருடைய செலவுகளுக்கான பொறுப்பை, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், பிள்ளைகள் 20 ஆண்டுகளுக்கு ஏற்க வேண்டும். சுப்பர் விசாவில் வந்தவருக்கோ ஓய்வூதியமும் இல்லை, பொது மருத்துவமும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பேஸ்மென்ட் அறையில் இருக்கும் அந்தத் தாய், கோயிலுக்குப் போவதற்கும் மகனின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கிறார். அவரைப் பார்த்து, வெள்ளைக்காரர்களைப் போல முதுமையைக் கொண்டாடுங்கள் என்று உபதேசம் செய்வது கொடுமை.

உபதேசத்திலும் பார்க்க ஏற்பாடுகளே தேவை. பெற்றோரின் ஓய்வூதியப் பணம் சிறிதாயினும் அவர்களுடைய கணக்கிலேயே இருக்கட்டும். குடும்பச் செலவுப் பெட்டிக்குள் அது கரைந்து போக வேண்டாம். ஐம்பதுகளில் இருக்கும் நமது பெண்கள், கணவர் ஓடுகிறார்தானே என்று இராமல் இப்போதே வாகனம் ஓடப் பழகட்டும். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது விருப்பமாக இருக்கட்டும். வாடகைக்கு ஈடாக இருக்க வேண்டாம். நமது சங்கங்கள் பழைய மாணவர் இராப்போசனங்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியைத் தனித்திருக்கும் முதியவர்களின் போக்குவரத்துக்காகச் செலவிடலாம்.

எல்லோரும் காம்பர் வாங்கிப் புளோரிடாவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போவதா இருப்பதா, எப்போது திரும்புவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை, ஐம்பதாண்டு உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய எவருக்கும் உரியது. அந்த உரிமை நம் வீட்டு முதியவர்களுக்கு இருக்கின்றதா என்பதை, இதை வாசிக்கும் பிள்ளைகள் இன்றைக்கே அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.