ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு நான்கு

மே மாதத்து நீண்ட வார இறுதி கழிந்ததும் ஸ்காபரோவின் பின்வளவுகளில் மண் கிளறத் தொடங்கிவிடுவோம். தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல் என்று வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த கண்டுகள் வெளியே வரும் காலம் அது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த வாரப் பத்தியை எழுத வைத்தது. படிக்க வந்த பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வேலியோரம் வந்து நின்று, "அங்கிள், கஞ்சாக் கண்டு ஆளுக்கு நாலு வைக்கலாம்தானே?" என்றான்.

"இல்லைத் தம்பி, வீட்டுக்கு நாலு. ஆறு பேர் இருந்தாலும் நாலுதான்" என்றேன். அவன் முகத்தில் தெரிந்தது உண்மையான திகைப்பு. ஆறு பேருக்கு இருபத்துநாலு என்று கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறான்.

இந்தக் கேள்வியைக் கேட்கவே நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கஞ்சா என்ற சொல் வந்தால் பேச்சை மாற்றுகிறோம். ஆனால் அறியாமைக்குக் கொடுக்கிற விலை இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒன்றல்ல. அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டம், வயது வந்தவர்கள் தாங்கள் வசிக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு செடிகள் வரை வளர்க்க இடம் கொடுக்கிறது. ஒரே வீட்டில் எத்தனை பேர் குடியிருந்தாலும் மொத்தம் நான்குதான். பூத்த செடி, பூக்காத செடி என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் இல்லை. வீடு என்பதில் பின்வளவும் அடங்கும். விதை சட்டப்படி விற்கும் இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் வயது 19 நிறைந்திருக்க வேண்டும். விளைந்ததில் ஒரு கிராமைக்கூட விற்க முடியாது; வயது வந்த இன்னொருவருக்குக் காசு வாங்காமல் 30 கிராம் வரை கொடுக்கலாம். ஐந்தோ ஆறோ செடி நின்றால் 200 டொலர் தண்டச் சீட்டோடு போகலாம். அதற்கு மேல் போனால் நீதிமன்றம். உச்ச தண்டனை 14 ஆண்டுச் சிறை.

நான்கு என்ற எண் 2016 டிசம்பரில் வெளியான ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. முன்னாள் அமைச்சர் ஆன் மக்லெலன் தலைமையிலான குழு, ஒரு வசிப்பிடத்துக்கு நான்கு செடி, உயரம் 100 சென்ரிமீற்றருக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. உயரக் கட்டுப்பாட்டைப் பாராளுமன்றக் குழு பின்னர் நீக்கியது. எண் மட்டும் நிலைத்தது. வேறு நாடுகள் வேறு விதமாக எண்ணுகின்றன. உருகுவேயில் வீட்டுக்கு ஆறு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மூன்று. ஆளுக்கு இத்தனை என்று எங்கோ வாசித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்புவது எளிது.

வீட்டைக் கொண்டு எண்ணுவதே சரி என்பது என் கருத்து. ஆளைக் கொண்டு எண்ணினால், வாடகைப் பத்திரத்தில் பெயர்களைக் கூட்டிக் கூட்டி ஒரு வீட்டையே தோட்டமாக்கலாம். தொண்ணூறுகளிலும் அதன் பின்னும் ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்களில் குடியிருப்பு வீடுகளை எடுத்து, மின்மானியைத் தாண்டிக் கம்பி இழுத்து, சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்க நூற்றுக்கணக்கான செடிகள் வளர்த்ததை இங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அயல்வீட்டுக்குத் தீப்பிடிக்கும் ஆபத்து அதில் இருந்தது. ஒரு குடும்பத்தின் சொந்தத் தேவைக்கு நான்கு செடி தாராளம். நல்ல வெயிலில் ஒரு செடியே ஆள் உயரத்தைத் தாண்டும்.

அதேபோல, ஒரு செடியும் கூடாது என்ற முழுத் தடையையும் நான் ஏற்கவில்லை. கியூபெக் அப்படித்தான் செய்தது. மத்திய சட்டம் நான்கு என்கிறது, மாகாணம் பூச்சியம் என்கிறது, இது செல்லுமா என்று ஜனிக் மறி-ஹோல் என்பவர் வழக்குப் போட்டார். 2019-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில் தோற்றார். 2023 ஏப்ரல் 14 அன்று கனடா உச்ச நீதிமன்றம் கியூபெக்கின் தடை செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நான்கு செடி என்பது மத்திய அரசு தந்த உரிமை அல்ல, அந்த அளவுக்குத் தண்டிப்பதில்லை என்ற விலக்கு மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். மனிற்றோபாவும் தடை போட்டிருந்தது. 2025-இல் அதை நீக்கிக்கொண்டது. அதுவே நல்ல வழி.

வீட்டில் வளர்ப்பதற்கு இந்த நாட்டில் ஒரு நோயாளியின் போராட்டம் பின்னணியாக இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். ரொறன்ரோவைச் சேர்ந்த ரெறன்ஸ் பார்க்கர் சிறு வயது முதல் கடுமையான வலிப்பு நோயாளி. சத்திரசிகிச்சையும் மருந்தும் தராத நிவாரணத்தைக் கஞ்சா தந்ததால் வீட்டிலேயே வளர்த்தார். பொலிஸ் வழக்குத் தொடர்ந்தது. 2000 ஜூலை 31 அன்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டே மருத்துவத் தேவைக்கான அனுமதி முறை பிறந்தது. இன்றும் மருத்துவரின் ஆவணத்தோடு ஹெல்த் கனடாவில் பதிவு செய்தவர்கள் தங்கள் தேவைக்கேற்ப நான்குக்கு மேல் வளர்க்கலாம்.

இனி, என்னை மிகவும் வருத்துகிற இடத்துக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இருவர் சேர்ந்து பத்துச் செடி வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கனடியக் குடியுரிமை உள்ளவர். மற்றவர் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர். இருவரும் குற்றவாளிகள் என்று காணப்பட்டு, நீதிபதி இருவருக்கும் தண்டப்பணம் மட்டும் விதிக்கிறார். முதலாமவருக்கு விஷயம் அத்தோடு முடியலாம். இரண்டாமவருக்கு அங்கேதான் தொடங்குகிறது. குடிவரவுச் சட்டம் கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்ச தண்டனையையும் பார்க்கிறது. அது பத்து ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பாரதூரமான குற்றம் என்று கொள்கிறது. வளர்ப்புக் குற்றத்துக்கு உச்சம் 14 ஆண்டு. ஆகவே அவர் நாட்டைவிட்டு அனுப்பப்படும் ஆபத்தில் நிற்கிறார். மாணவர், வேலை அனுமதியில் வந்தவர் நிலை இதைவிடப் பலவீனம். எல்லை முழு வீட்டுக்கும் போடப்பட்டிருக்க, அதை மீறியதன் பாரம் அந்த வீட்டில் வேர் பிடிக்காதவர் தலையில்தான் விழுகிறது.

இது அநீதி. விற்பனை இல்லை, பிள்ளைகளை ஈடுபடுத்தவில்லை, செடிகள் மட்டும் சில கூடிவிட்டன என்றால், குடிவரவு விஷயத்தில் அதைப் பாரதூரமான குற்றமாகக் கொள்ளாதபடி பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஐந்தாறு செடிக்குத் தண்டச் சீட்டுப் போதும் என்று நினைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியாததல்ல. நம் வாக்குக் கேட்டுக் கதவு தட்டும் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறைகளை வாடகைக்கு விடும்போது, செடி வளர்க்கலாமா கூடாதா என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அடுக்குமாடிகளில் நிர்வாக விதிகள் முற்றாகத் தடுக்கலாம், முதலில் கேட்டறியுங்கள். நியூ பிரன்ஸ்விக்கில் செடி நிற்கும் இடத்தைப் பூட்டியே வைக்க வேண்டும். ஒன்ராறியோச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் நீங்களாகவே பூட்டுப் போடுங்கள். காய வைத்ததை, அதில் செய்த பலகாரத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

தூரத்திலிருந்து வந்து, கடன்பட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொல்கிறேன். கூட இருக்கிறவர் எத்தனை கண்டு நட்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நான்குக்கு மேல் என்றால் பிடுங்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வேறு அறை தேடுங்கள். சட்டம் திருந்தும்வரை, குடியுரிமை இல்லாத ஒருவரும் இந்த நாட்டில் ஐந்தாவது கண்டை நட வேண்டாம்.