குறையற்ற கிராபீன் எதற்கு உதவும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடையில் பேசாதவர் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் வெட்டிய அந்தச் சாசனம் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் குடவோலையில் சேர்க்க விடவில்லை. ஊர்ச்சபைக்குக் குற்றமற்றவரைத் தேடியது நியாயம். மின்னணுக் கருவிக்கான பொருளிலும் குற்றமற்றதைத்தான் தேடவேண்டும் என்கிறார்களே, அதுதான் அபத்தம்.

கிராபீன் ஓரணுக் கனமே உள்ள கார்பன் தாள். 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் அதைக் கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்துக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசு. அன்றுமுதல் ‘அதிசயப் பொருள்’ என்ற பாட்டு ஓயவில்லை. பள்ளிக் கண்காட்சி அட்டையிலும் அதுதான், பேட்டரி விளம்பரத்திலும் அதுதான்: தாள் எவ்வளவு சுத்தமோ, கருவி அவ்வளவு உயர்வு.

தவறு. சுத்தமான கிராபீனில் ஆற்றல் இடைவெளி கிடையாது. அதனால் மின்னோட்டத்தை முழுதாக நிறுத்தவே முடியாது. அணைக்க முடியாத சுவிட்சை வைத்துக்கொண்டு கணினிச் சில்லு செய்வதெப்படி?

உணரியின் கதை இன்னும் வேடிக்கை. ஒற்றை வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதைக்கூடக் கிராபீன் காட்டிக்கொடுக்கும் என்று 2007இல் மான்செஸ்டர் குழு அறிவித்தது. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சார்லி ஜான்சன் குழுவினர், கருவி செய்யும்போது தாளின்மேல் தங்கிவிடும் பாலிமர்ப் பிசுக்கைச் சூடேற்றி நீக்கிப் பார்த்தார்கள். பிசுக்குப் போனதும் அம்மோனியா ஆவிக்குக்கூட அவர்கள் கருவி சொற்பமாகத்தான் அசைந்தது. அதுவரை மோப்பம் பிடித்ததில் பெரும்பங்கு அழுக்கினுடையது!

ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவோடு இறுகப் பிணைந்த தளத்தில் வந்த மூலக்கூறு பற்றிக்கொள்ள இடமேது? அங்கங்கே அணுவைப் பிடுங்கவேண்டும், நைட்ரஜனைச் செருகவேண்டும், ஆக்சிஜன் தொகுதிகளை ஒட்டவேண்டும், பல்லேடியத் துகளைத் தூவவேண்டும் (ஹைட்ரஜன் கசிவை முதலில் பிடிப்பது அந்தத் துகள்தான்). கிராபீனைப் போலவே மெல்லிய இன்னொரு பொருளான மாலிப்டினம் டைசல்பைடுத் தாளிலும் கந்தக அணு விடுபட்ட இடங்களில்தான் மூலக்கூறுகள் எளிதாக ஒட்டுகின்றன. குறை மிஞ்சினால் கடத்தலே கெடும், உண்மை. அடிப்படை இயற்பியல் சோதனைக்குச் சுத்தத் தாள் வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் கருவி செய்பவரின் கைத்திறன், எத்தனை குறை, எந்த இடத்தில் என்பதில் இருக்கிறது.

உத்திரமேரூரில் நெல்லுக்கு யூரியா போடுகிறவர், தன் கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டால் வெறும் கிராபீன் என்ன சொல்லும்? அதற்கு நைட்ரேட்டையும் குளோரைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நைட்ரேட்டை மட்டும் தேர்ந்தெடுக்கும் சவ்வை அதன்மேல் பூசினால்தான் பதில் வரும்.

சிவகங்கையில் கிராஃபைட், அரூர்ப் பக்கம் மாலிப்டினம் தாது, ஆகவே எதிர்காலம் நமதே என்று முழங்குவதும், பொருள் இருந்தாலே போதும் என்ற இந்த மயக்கத்தின் பிள்ளைதான். தோண்டி எடுப்பவருக்குக் கூலி. மாற்றியமைக்கத் தெரிந்தவருக்கு லாபம். நம் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போய், எங்கோ யாரோ வடிவமைத்ததைப் பொருத்திவிட்டு வருகிறார்கள்.

வேதியியல் ஆசிரியர்களே, கண்காட்சி அட்டையில் ‘அதிசயப் பொருள்’ என்று எழுதவைப்பதை நிறுத்துங்கள். எந்த அணுவை, எதற்காக மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.