இணையப் பள்ளியின் தோல்விக்குப் பிள்ளைகளா பொறுப்பு?

அமெரிக்காவில் ஒரு பொதுத் தொடக்கப்பள்ளியின் தரத்தைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு பெட்டிகள் கிடைக்கும். ஒன்றில், கணக்கிலும் வாசிப்பிலும் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் தேறினார்கள் என்ற எண். பக்கத்துப் பெட்டியில் கறுப்பர் எத்தனை பேர், லத்தீனோ எத்தனை பேர், இலவச மதிய உணவு பெறும் ஏழைகள் எத்தனை பேர் என்ற கணக்கு. முழுக்க இணையத்திலேயே நடக்கும் பொதுப்பள்ளிகளுக்கும் இதே அட்டைதான். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பொதுப்புத்தி ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடும்: இந்த மாதிரிப் பிள்ளைகள் சேர்ந்தால் மதிப்பெண் இப்படித்தானே இருக்கும்!

'இந்த மாதிரிப் பிள்ளைகள்'. நாம் கேட்டு வளர்ந்த சொல்தானே தோழர்களே?

அந்த இரண்டாவது பெட்டி எப்படி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2002-இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம், தேர்வு முடிவுகளை இனவாரியாகவும் ஏழ்மை வாரியாகவும் பிரித்து வெளியிடக் கட்டாயப்படுத்தியது. சராசரி என்ற போர்வைக்குள் கறுப்பினப் பிள்ளைகளின் நிலையைப் பள்ளிகள் மறைத்துவிடக் கூடாது என்பதற்காகக் குடியுரிமை இயக்கத்தார் ஆதரித்த ஏற்பாடு அது. பள்ளியைக் கூண்டில் ஏற்ற வந்த தரவை இன்று பள்ளிக்காரர்கள் சாக்காகக் காட்டுகிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் ஏற்கனவே பின்தங்கியவர்கள், நாங்கள் என்ன செய்ய?

இந்தச் சாக்கு நிற்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2015-இல் 17 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இணைய சார்ட்டர் பள்ளிகளை (அரசுப் பணம், தனியார் நிர்வாகம்) ஆராய்ந்தது. ஒவ்வொரு மாணவரையும் அதே இனம், அதே வறுமை நிலை, அதே முந்தைய மதிப்பெண் கொண்ட சாதாரணப் பள்ளி மாணவரோடு ஒப்பிட்டது. வாசிப்பில் 72 நாள் பாடம் இழப்பு. கணக்கில் 180 நாள். அங்கே ஒரு கல்வியாண்டே 180 நாள்தான்! இத்தனைக்கும் இந்தப் பள்ளிகளில் வெள்ளையர் விகிதம் கூடுதல். லத்தீனோக்களும் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளும் குறைவு. ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் சார்ட்டர் பள்ளிகளுக்குப் பல்லாண்டுகளாக அள்ளிக் கொடுக்கும் வால்மார்ட் குடும்பத்து அறக்கட்டளைதான், நம்மைப் போன்றவர்கள் அல்ல.

அப்படியானால் என்னதான் நடக்கிறது அந்தப் பள்ளியில்? சாதாரணப் பள்ளியில் ஒரு நாளில் ஆசிரியர் நேரில் நடத்தும் அளவுகூட இங்கே ஒரு வாரத்துக்கு நேரலை வகுப்பு கிடையாது என்று அதே தொகுப்பின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. மீதி? கே12 நிறுவனம் (இப்போது ஸ்ட்ரைட்) அதற்கு 'கற்றல் பயிற்சியாளர்' என்று ஒரு பதவி வைத்திருக்கிறது. யார் தெரியுமா? பிள்ளையின் அம்மாதான். தொடக்க வகுப்புப் பிள்ளை தானாகத் திரையின் முன் உட்காராது. ஆகவே ஆசிரியரின் வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அரசுப் பணத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது நிறுவனம். 2007-லேயே நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போன நிறுவனம் இது. பகலில் வேலைக்குப் போகும் தாய், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு மதிப்பெண் அட்டையில் பெட்டி இல்லை.

ஒஹையோவின் 'எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ' இன்னும் மோசம். 2015-16 கல்வியாண்டில் சுமார் 15,300 முழுநேர மாணவர் கணக்கில் பணம் வாங்கியது. அரசு சரிபார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் இருந்தது. 6 கோடி டாலரைத் திருப்பிக் கட்டு என்றது அரசு. 2018 ஜனவரியில் ஆண்டின் நடுவிலேயே மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் தெருவில்.

இதை எல்லாம் அமெரிக்கக் கதை என்று விட்டுவிட முடியவில்லை. கொரோனாக் காலத்தில், 2021 ஆகஸ்டில், ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் வசதி குறைந்த குடியிருப்புகளில் கணக்கெடுத்தபோது, கிராமப்புற தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் தொடர்ந்து இணையவழியில் படித்தவர்கள் 4 விழுக்காடு. மற்றவர்களில் 15. பள்ளி வீட்டுக்குள் வந்தால் வீட்டின் சாதியும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டு ஒன்றிய பட்ஜெட் கொடுத்த பதில், 12 கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளை 200 ஆக்குவோம் என்பது.

தரவு அட்டவணைகளோடு காலம் தள்ளும் ஆய்வாளராக எனக்கு ஒரு கவலை. சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்கள் வந்ததும், எந்தச் சாதிப் பிள்ளை தேறவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு 'தகுதி, திறமை' பேச ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பிள்ளையின் சாதிக்குப் பக்கத்தில் பள்ளியின் கணக்கையும் அச்சிடச் சொல்வோம்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், நேரில் எத்தனை மணி நேரம், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், பணம் யார் கைக்குப் போனது. நம் ஊரில் அடுத்த 'டிஜிட்டல் பள்ளி' அறிவிப்பு வரும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: காலை பத்து மணிக்கு அம்மா நூறுநாள் வேலைக்குப் போயிருக்கையில் ஆறு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? மதியச் சத்துணவை எந்தத் திரையில் பரிமாறுவார்கள்?