மனநோயும் சர்க்கார் கடமையும்

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பழகித் தேர்ந்த மனோதத்துவ நிபுணர்கள் உத்தியோகத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் நடத்தப் போய்விடுகிறார்கள் என்ற முறையீட்டை அடிக்கடி கேட்கிறோம். ஏழைகளின் வரிப்பணத்தில் அநுபவம் பெற்றவர்கள் ஏழைகளைக் கைவிடலாமா என்று சிலர் சீறுகிறார்கள். அந்தச் சீற்றம் இயற்கையே. ஆயினும் அது சேர வேண்டிய இடம் வேறு என்பது நமது அபிப்பிராயம்.

நோயின் அளவை முதலில் பார்ப்போம். பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் சிகிச்சை கிட்டாதவர்களோ, நோய்க்குத் தக்கவாறு, நூற்றுக்கு 70 முதல் 92 வரை. தேசத்தில் லட்சம் ஜனங்களுக்கு மனநோய் டாக்டர்கள் 0.75 பேரே உள்ளனர் என்று 2023ல் பார்லிமெண்டு நிலைக்குழு எடுத்துக்காட்டிற்று.

பெருங்களத்தூரில் தினக்கூலிக்குப் போகும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். மாத்திரைச் சீட்டை ஒரு டாக்டர் எழுதினால் மற்றொரு டாக்டர் தொடர முடியும். பேசி மனத்துயர் ஆற்றும் சிகிச்சை அப்படிப்பட்டதன்று. வாரந்தோறும் ஒருவரிடமே மனத்தைத் திறந்து சொல்லிப் பல மாதங்களில் குணமடைய வேண்டியது அது. நடுவில் அவர் விலகிவிட்டால் நோயாளி மறுபடி ஆதியிலிருந்து தொடங்க வேண்டும், பலர் தொடங்குவதேயில்லை. தனியாரிடம் போனால் ஒரு வேளைக் கட்டணமே ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். 1794ல் தோன்றிய பழைய ஸ்தாபனமாகிய கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு வாரந்தோறும் ரெயிலேறிப் போவதென்றால், அன்றன்றைக் கூலியை இழக்க வேண்டும்.

நிபுணர்கள் ஏன் விலகுகிறார்கள்? ஜில்லா மனநலத் திட்டத்தில் இத்தகைய பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பதவிகள். தொகுப்புச் சம்பளம், உத்தியோக உயர்வின்மை, ஒப்பந்தம் நீடிக்குமோ நீடிக்காதோ என்ற கவலை, மணிக்கணக்கில் கேட்க வேண்டியதை நிமிஷக்கணக்கில் முடிக்கச் செய்யும் கூட்டம் ஆகிய இவற்றுக்கிடையே எத்தனை காலம் ஒருவர் நிற்பார்? கட்டாயப் பத்திரம் எழுதி வாங்கி நிறுத்தலாமே என்பார்க்கு நாம் சொல்வது: மனங்கசந்து உட்கார்ந்திருப்பவரிடம் எந்த நோயாளியும் மனத்தைத் திறக்கமாட்டான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, சர்க்கார் நடத்தும் அல்லது பொருளுதவி செய்யும் மனநல சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. குறைந்தபட்ச சேவை ஒரு ஜில்லாவில் இல்லையேல், அங்கேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. சர்வதேச அளவுகோலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் நிபுணர்களைச் சேர்க்கப் பத்து வருஷத்துக்குள் முயல வேண்டும் என்கிறது 31-வது பிரிவு. சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29ந் தேதி. ஆகவே கெடு 2028 மே மாதத்தோடு தீர்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற நியாயம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2016ல் பஞ்சாப் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

முன்னுதாரணமும் அருகிலேயே உண்டு. காசநோய்க்காக டாக்டர் சௌரி முத்து 1928ல் தம் முயற்சியால் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தைச் சர்க்கார் 1937ல் ஏற்று நடத்தலாயிற்று. தனி ஒருவர் தொடங்கியதை அன்று பொதுஜனச் சொத்தாக்கினார்கள். இன்றோ பொதுவில் இருப்பதையே நழுவவிடுகிறோம்.

எனவே நாம் கேட்பவை மூன்று. ஒப்பந்தப் பதவிகளை ஸ்திரப்படுத்தி உயர்வுக்கு வழி வகுக்க வேண்டும். ஒரு நிபுணர் ஒரு நாளில் பார்க்கத்தக்க நோயாளிகளின் தொகையை வரையறுக்க வேண்டும். ஆள் இல்லாத ஊர்களில், சட்டம் விதித்தபடி, வெளியே பெறும் சிகிச்சையின் செலவைக் கொடுக்க வேண்டும். ஊர்தோறும் உழைக்கும் தொண்டர்கள் தங்கள் ஜில்லாவில் எத்தனை பதவிகள் உள்ளன, எத்தனை காலியாகக் கிடக்கின்றன என்று எழுத்து மூலம் கேட்டுப் பகிரங்கப்படுத்துவார்களாக. தகவல் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். விலகிப் போனவர்களை வைவதால் ஒரு நோயாளிக்கும் குணமாகாது. இருப்பவர்களை நிற்கச் செய்வது சர்க்காரின் கையில்தான் இருக்கிறது.