மூஸ் கிராமத்தில் விதைத்தவர்: கிருபையும் பிரயாசமும்

சென்னையிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் கடலில் கழித்து ஹேடோ துறையில் அணைகிறது. பயணி கப்பலைத் தள்ளுவதில்லை. ஆனால் ஏறாதவன் வந்து சேர்வதுமில்லை. கிருபையையும் முயற்சியையும் குறித்த பிரசங்கங்களுக்கு இது எளிதில் கைகொடுக்கும் உவமை. எனினும் எல்லா எளிய உவமைகளையும் போலவே இதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

தமிழ் வைணவம் இவ்வினாவை லூத்தருக்கு முன்பே கூர்மையாக எழுப்பியது. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கும் அடையாளமாயின. ஆனால் வேதாந்த தேசிகர்கூட சரணாகதியை அருளுக்குக் கொடுக்கும் விலையாகக் கொள்ளவில்லை. அதை ‘வியாஜம்’ என்றே கருதினார். கொடுக்க விரும்புகிறவன் தேடிக்கொள்ளும் ஒரு சாக்கு அது. கிறித்தவ இறையியலாளர் இச்சொல்லை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் பயணக் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றியது தற்செயலன்று. பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையின் முன் தானாகவே அவிழ்ந்து விழுகிறது. அவன் கை அதைத் தொடுவதில்லை. ஆயினும் நடையின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. நடந்ததனால் சுமை விழவில்லை. சுமை விழுந்ததனால் நடக்க முடிந்தது. சர்ச்சை முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதே.

ஹேடோவுக்குத் தெற்கே, கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில், 1895இல் வி. சாலொமோன் என்னும் தமிழ் உபதேசியார் பணியைத் தொடங்கினார். சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தார். 1909இல் அவர் மறைந்தபோது திருச்சபை மிகச் சிறியது. அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னர் பேராயரானார். தீவு மக்கள் திரளாகத் திருச்சபையில் சேர்ந்ததோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. சாலொமோன் அதைக் காணவில்லை. உழைப்பின் அளவைக் கொண்டு விளைச்சலைக் கணக்கிடுவோருக்கு அவர் வாழ்வு தோல்வி. நட்டவனும் நீர் பாய்ச்சினவனும் அல்ல, விளையச் செய்கிறவரே கடவுள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலுக்கு அப்படியன்று. நடுவதை அவர் வீண் என்றும் சொல்லவில்லை.

இது நூலகத்துச் சர்ச்சை மட்டுமன்று. நோய் நீங்காத ஒருவரிடம், ‘உமது விசுவாசம் போதவில்லை’ என்று மேடையிலிருந்து சொல்லப்படும்போது நடப்பது என்ன? கிரியைகள் வாசல் வழியே வெளியேற்றப்பட்டு, விசுவாசம் என்ற பெயரில் சன்னல் வழியே உள்ளே வருகின்றன. அதுவும் பழையதைவிடக் கொடிய வடிவில். ஏனெனில் நோன்பை எண்ணலாம், தருமத்தை எண்ணலாம், விசுவாசத்தை எண்ண முடியாது. எவ்வளவு இருந்தால் போதும் என்று அந்த நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை. கிருபையால் மட்டும் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபைகளிலேயே இச்சொல் அதிகம் ஒலிக்கிறது. அச்சபைகள் முதலில் பதில் சொல்ல வேண்டியது ரோமாபுரிக்கு அன்று, அந்த நோயாளிக்கு.